மூலையில் இரண்டு கண்கள்

அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டுமென்றால் நேர் எதிரே போய் நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்று சொன்ன வணக்கங்கள் அத்தனையும் காற்றோடு போயின. எங்கள் ஆபீசில் அவரைச் சேர்த்துப் பத்துப் பேர். மீதி ஒன்பது பேரும் ஆளுக்கு ஒரு வணக்கத்தையாவது அப்படிப் பறிகொடுத்தவர்கள். அதனால் அவருக்கு ‘மகாராணி’ என்று பெயர் வைத்திருந்தோம். வைத்தது யார் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரிக் காரியங்களில் நான் பிறரைச் சிரமப்படுத்துவதில்லை.

அவருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாக அல்ல. ஓரங்களிலிருந்து உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாக. ஏரி வற்றும்போது கடைசியில் நடுவில் மட்டும் ஒரு திட்டுத் தண்ணீர் நிற்குமே, அந்த மாதிரி. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் கைமீறிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. தெரிந்த விதமும் நன்றாக இல்லை. படிக்கிற உங்களுக்காவது அந்தச் சங்கடம் வேண்டாம்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஆபீஸ். இப்போது அந்த இடத்தில் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்து அனுப்புவது எங்கள் பிழைப்பு. மீனின் செவுளைப் பற்றி நாற்பது பக்கம் வரும். எங்களில் ஒருவருக்கும் ஒரு வரி புரியாது. ஆனால் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவோம். ‘விடுவோம்’ என்றால், மகாராணி, நேரில் கூப்பிடும்போது அக்கா, கண்டுபிடித்துவிடுவார். எல்லாப் பக்கங்களுக்கும் கடைசிப் பார்வை அவருடையது. நான் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். நின்றுபோன கணினியை அணைத்துப் போடுவது, அணைத்துப் போட்டும் வராவிட்டால் கவலையான முகத்தோடு பக்கத்தில் நிற்பது, இவை என் பொறுப்புகள். இரண்டாவதில் எனக்கு நல்ல பெயர்.

எங்கோ வெளிநாட்டில் கழித்துக்கட்டி இங்கே வந்து சேர்ந்த யூனிக்ஸ் கணினிகள் எங்களுடையவை. அவற்றில் ஒரு விசித்திரம் உண்டு. திரையில் திறக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் சட்டம் போடுவது, தலையில் பெயர் ஒட்டுவது, எது எங்கே நிற்க வேண்டும், எது மேலே எது கீழே என்று முடிவு செய்வது, இதற்கெல்லாம் தனியாக ஒரு புரோகிராம். விண்டோ மேனேஜர் என்று பெயர். இன்றைக்கு உங்கள் கணினியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அது உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அன்றைக்கு நாமே தேர்ந்தெடுக்கலாம். பிடிக்கவில்லையா, கொன்றுவிட்டு வேறொன்றை ஏற்றலாம். உள்ளே திறந்திருக்கும் வேலை நிற்காது. சட்டம் மட்டும்தான் மாறும்.

எட்டுப் பேர் நான் ஏற்றிக் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒன்று மாற்றினார்.

“தம்பி, இது எனக்கு ஒத்துக்கல.”

“போன மாசந்தானக்கா ஏத்துனோம்? ஜாதகமெல்லாம் பாத்துத்தான முடிச்சோம்?”

“பார்டர் மெலிசா இருக்கு.”

“பட்டுப்புடவையாக்கா எடுக்கறோம்?”

“பேச்ச விடு. கொல்லு இத.”

நான் கட்டளையைத் தட்டுவேன். திரையில் இருந்த பெட்டிகளின் சட்டங்கள் எல்லாம் ஒரே நொடியில் உதிரும். மீனின் செவுள் எல்லையில்லாமல் வெறுமனே நிற்கும். அடுத்த மேனேஜர் ஏறுவதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த நேரம் முழுக்க அக்கா இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பார். என்ன பொறுமையில்லாத பொம்பளை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்று அவருக்காகவே தேடி எடுத்து வந்தேன். உலோகப் பளபளப்பு, மூலைக்கு மூலை வேலைப்பாடு, கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கும். அரை நாள்தான் தாக்குப்பிடித்தது. “அழகா இருக்கு. எது சட்டம், எது பக்கம்னு தெரியல” என்றார். இன்னொன்று, மூடிய பெட்டிகளைச் சின்னச் சின்னப் படங்களாக்கித் திரையின் அடிவிளிம்பில் அடுக்கி வைக்கும். அதற்கு ஆயுள் ஒரு மணி நேரம். “ஓரத்துல போய் எதுவும் நிக்கக் கூடாது” என்றார். வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கறாரில் ஒருவர் விண்டோ மேனேஜர் பார்ப்பதை ஆபீசே வேடிக்கை பார்த்தது. அவருக்குக் கல்யாணமாகவில்லை. அதைச் சேர்த்து நான் டீக்கடையில் ஒரு ஜோக் வைத்திருந்தேன். இங்கே அதைச் சொல்வதாக இல்லை.

கடைசியில் ஒன்று அமைந்தது. பார்க்க லட்சணமே கிடையாது. ஆனால் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை ஒரு கோப்பில் வரி வரியாக எழுதிக்கொடுத்தால் அப்படியே கேட்கும். அக்கா எழுதினார். சட்டம் விரலளவு தடிமன். வேலை நடக்கிற பெட்டிக்குப் பளீரென்று சிவப்பு. எது திறந்தாலும் நட்டநடுவில்தான் திறக்க வேண்டும். திறந்ததும் மவுஸ் அம்பு தானே ஓடிப்போய் அதன் மேல் உட்கார வேண்டும். கூடவே ஒரு ‘பீப்’.

அந்த ‘பீப்’பால் பக்கத்துச் சீட் டேவிட் படாத பாடு பட்டான். “அக்கா, உங்க பக்கத்துல உக்காந்தா டிப்போல உக்காந்த மாதிரி இருக்கு. நாள் முழுக்க பஸ் ரிவர்ஸ் எடுக்குது.”

“காதுல பஞ்சு வெச்சுக்கோ.”

“சர்ச்சுல மட்டும் ‘சாந்தம்’னு பாடுறீங்க?”

“அது ஞாயித்துக்கிழமை. இன்னிக்கு செவ்வா.”

அவர் படிக்கிற விதமும் தனி. நாமெல்லாம் பக்கத்தை நிறுத்திவிட்டுக் கண்ணை ஓடவிடுவோம். அவர் கண்ணை நிறுத்திவிட்டுப் பக்கத்தை நகர்த்துவார். நடுவில் ஒரு சிவப்புச் சட்டம், அதற்குள் நாலைந்து வரி, விரல் அம்புச்சாவியின் மேல். கேட்டால், “பக்கம் நகரட்டும். நான் எதுக்கு நகரணும்?” என்பார். மகாராணிப் பேச்சுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நாங்கள் கண்ணைக் காட்டிக்கொள்வோம். அந்த நாலைந்து வரிகளைத் தாண்டி ஒரு பிழை தப்பியதில்லை என்பது வேறு விஷயம். அந்த வேறு விஷயத்தைத்தான் நாங்கள் ஒருவரும் பேசவில்லை.

சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க வேண்டும். நான் வாசலில் நின்றால், நேராக வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். “உனக்கு ரோடு கிராஸ் பண்ணவே தெரியல தம்பி. வா, என்கூட வா.” நானும் போவேன். லாரி வந்தால் நான் நிற்பேன், அவரும் நிற்பார். நான் நடந்தால் அவரும் நடப்பார். அந்தப் பக்கம் போனதும், “பாத்து வரக் கத்துக்கோ” என்று கையை விட்டுவிட்டுக் கேம்ப் ரோடு பஸ்ஸுக்குப் போய்விடுவார். ‘அக்கா என்னை ரோடு கடக்க விடுகிறார்’ என்று வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். யார் யாரைக் கடத்திவிட்டார் என்று கணக்குப் பார்க்க எனக்கு ஒன்றரை வருடமும் ஒரு பாவமும் தேவைப்பட்டன.

அந்தப் பாவம் இதுதான்.

அந்தக் கணினிகளில் இன்னொரு வசதி உண்டு. என் மேசையில் உட்கார்ந்தபடியே அடுத்தவர் திரையில் எதையும் திறந்து வைக்கலாம். கூடவே ஒரு விளையாட்டு புரோகிராமும் வந்திருந்தது. இரண்டு கண்கள். வேறு ஒன்றும் கிடையாது. மவுஸ் அம்பு போகும் பக்கமெல்லாம் கருவிழிகள் திரும்பும், அவ்வளவுதான். அதை அக்கா திரையின் இடது கீழ்மூலையில் வைத்து, அவர் அலறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை எனக்குத் தோன்றியது.

ஒரு சிக்கல். எது திறந்தாலும் அக்காவின் மேனேஜர் அதைப் பிடித்து நடுவில் நிறுத்தி, சிவப்புச் சட்டம் போட்டு, ‘பீப்’ அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிடியில் சிக்காமல் ஒரு பெட்டியைத் திறக்கவும் வழி இருந்தது. என் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றிருந்த ஒன்றிரண்டு வித்தைகளில் அது ஒன்று. சட்டமில்லாமல், சத்தமில்லாமல், இரண்டு கண்கள் மூலையில் போய் உட்கார்ந்தன.

அன்றைக்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

“பாத்துட்டுதான்டா பேசாம இருக்காங்க. மகாராணி அசர மாட்டாங்க” என்றான் டேவிட், டீக்கடையில். நாளைக்குள் திட்டுவார் என்று நான் பந்தயம் கட்டினேன். மசால் வடை. செவ்வாய்க்கிழமையும் ஒன்றுமில்லை. வடை போனது. புதன்கிழமை கடைக்காரரே விசாரித்தார்.

“இன்னா சார், அந்தக்கா இன்னிக்காவது திட்டுச்சா?”

“இல்லண்ணா.”

“அப்ப வுடு சார். உன்ன ஆளாவே மதிக்கல அது.”

அது என்னைச் சுட்டது. கேலிக்காரனுக்கு அடி விழுந்தால் தாங்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் தாங்காது.

வியாழக்கிழமை காலை. எல்லோரும் இருந்தார்கள். மேனேஜரும், அதாவது சம்பளம் வாங்குகிற மனித மேனேஜரும், பின்னால் நின்று யாரிடமோ போன் பேசிக்கொண்டிருந்தார். நான் அக்காவின் மேசைக்கு எதிரே போய் நின்று கைகூப்பினேன்.

“அக்கா, தோத்துட்டேன். மூணு நாளா அதுவும் உங்களையே பாத்துக்கிட்டு இருக்கு, நீங்களும் திட்டவே இல்ல. ஒரு வார்த்தை திட்டிடுங்க, எடுத்துடறேன்.”

“எது பாத்துக்கிட்டு இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அந்தக் கண்ணுதான்க்கா.”

“எந்தக் கண்ணு?”

இன்னும் சிரித்தார்கள். அக்கா திரையைப் பார்த்தார். நடுவில் பார்த்தார். பிறகு தலையை முழுசாகத் திருப்பி மேல் வலது மூலை, அங்கிருந்து மேல் இடது மூலை என்று, இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி தலையாலேயே தேட ஆரம்பித்தார். இடது கீழ்மூலைக்கு வருவதற்குள் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. கடைசியாக நின்றது என்னுடையது. எனக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதம்தான்.

மேனேஜர் போனை வைத்துவிட்டு வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிறந்த நாளுக்குக் கேக் வாங்குகிறவர். ஒரு பச்சை ஃபைலை எடுத்து அக்காவின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“அக்கா, திரும்பாம சொல்லுங்க. இது என்ன கலர்?”

அக்கா திரும்பவில்லை. சொல்லவும் இல்லை. “சார், என் வேலையில எங்கயாவது தப்பு இருந்தா காட்டுங்க” என்றார்.

“இதுவரைக்கும் இல்ல. இனிமே வருமில்ல?”

மூலையில் அந்த இரண்டு கண்களும் அசையாமல் இருந்தன. அக்கா மவுஸின் மேலிருந்து கையை எடுத்திருந்தார்.

அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். இந்த ஆபீசின் அத்தனை பிழைகளையும் பிடித்தவர் இவர்தான் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “சார், கண்ணுக்கு நல்லதுன்னு கேரட் சாப்பிடச் சொல்வாங்க.” யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பல வேலைகளில், பல கூட்டங்களில் எவ்வளவோ அசடு வழிந்திருக்கிறேன். எல்லாம் அதற்குக் கீழேதான்.

அடுத்த இரண்டு வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. அதுவரை எங்கள் தவறுகளுக்கு ஆள் இல்லாமல் இருந்தது, இப்போது கிடைத்துவிட்டது. படம் தலைகீழாகப் போனால், ‘அக்கா பார்த்த பக்கம்.’ அட்டவணையில் ஒரு வரி காணாமல் போனால், ‘பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.’ அந்த அட்டவணையை அவர் பார்க்கவே இல்லை. என் சர்வர் தூங்கியதால் போன வரி அது. எனக்குத் தெரியும். நானும் சும்மா இருந்தேன்.

பதினைந்தாம் நாள், “உடம்பப் பாத்துக்கங்க, ரெஸ்ட் எடுங்க” என்று மேனேஜர் மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். கேக் வாங்கியிருந்தார்கள். அக்கா கிளம்பும் முன்னால் கீபோர்டில் ஏதோ தட்டினார். போய்ப் பார்த்தால், தன் மேனேஜரைத் தானே கொன்றிருந்தார். சட்டங்கள் எல்லாம் உதிர்ந்து, பாதி படித்த ஒரு பக்கம் வெறுமனே நின்றது. அவர் படியிறங்கிப் போன பிறகும் நெடுநேரம் அந்தப் பக்கம் அப்படியே நின்றது.

அவருடைய கணக்கை அழிக்கச் சொன்னார்கள். அழிக்கும் முன் அந்தக் கோப்பைத் திறந்தேன். கட்டளைகளுக்கு நடுவே, கணினி படிக்காமல் தாண்டிப் போகும்படி குறிப்புகள் எழுதி வைக்கலாம். அக்கா தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து எழுதியிருந்தார். ‘வலது மேல் மூலை வேண்டாம்.’ அதற்குக் கீழே: ‘அம்பு தொலைகிறது. அதுவே வந்து நிற்கட்டும்.’ அதற்கும் கீழே: ‘இடது கீழ் மூலை இனி இல்லை.’ பெட்டியின் அகலம் ஒவ்வொரு முறையும் குறைந்திருந்தது. பழைய எண்ணை அழிக்காமல் முன்னால் ஒரு குறி போட்டுவிட்டுப் புதியதை அடியில் எழுதியிருந்தார். திரைப் புள்ளிக் கணக்கில் ஆயிரத்து நூறு. தொள்ளாயிரம். எழுநூறு. ஐந்நூற்று இருபது.

இந்தக் கோப்புக்கு முன்னால் அவர் மேனேஜரை மாற்றிய நாட்களும் எனக்கு நினைவிருந்தன. ஒவ்வொரு நாளும் நான் அடித்த ஜோக்கும் நினைவிருந்தது.

கோப்பை ஒரு ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்துக்கு மொபெட்டை விட்டேன். கோயிலைத் தாண்டி ஒரு காலனியில் தனியாக இருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினேன். மன்னிப்புக் கேட்க வாழைப்பழமும் ஃப்ளாப்பியுமாகப் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கேட்டைத் திறந்ததும் எனக்கு அந்தச் சிவப்பு தெரிந்துவிட்டது. வாசல் நிலையைச் சுற்றி விரலளவு தடிமனில் சிவப்புப் பெயின்ட். படிகளின் விளிம்பில் அதே சிவப்பு. உள்ளே கட்டிலைச் சுற்றி, மேசையைச் சுற்றி, சமையல் மேடையின் ஓரத்தில். நாற்காலிகள் இரண்டும் கூடத்தின் நட்டநடுவில். அந்தக் கோப்பை நான் ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருக்கவே வேண்டாம். வீடு முழுக்க எழுதியிருந்தது.

நேர் எதிரே போய் நின்று, “வணக்கம்க்கா” என்றேன்.

“வா. ரோடெல்லாம் ஒழுங்கா கிராஸ் பண்ணி வந்தியா?”

ஃப்ளாப்பியைக் கொடுத்தேன். விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

“என்னது இது?”

“உங்க ஃபைலுக்கா. நீங்க எழுதுன செட்டிங் எல்லாம்.”

“எதுல போட்டுப் பாக்க? கிரைண்டர்லயா?”

என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு நன்றாக மடக்கியதில்லை. அவர் காபி போட எழுந்தார். இரண்டடி வைத்து, கூடத்து வாசலுக்கு எதிரே அப்படியே நின்றுவிட்டார்.

“கோடு அறுந்திருக்கு. படில என்ன வெச்சே?”

திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றும்போது பையை வாசற்படியில் வைத்தவன் அப்படியே மறந்திருக்கிறேன்.

“வாழப்பழம்க்கா.”

“எடு.”

ஓடிப்போய் எடுத்தேன். அவர் கோட்டை ஒருமுறை முழுசாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் சமையலறைக்குப் போனார். காபி வந்தது. மன்னிப்புக் கேட்பதற்காக நான் மொபெட்டில் வரும்போதே மூன்று வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தின் பாதியில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எங்கம்மாவுக்கும் இதேதான். கடைசி வரைக்கும் நடுவுல கொஞ்சம் இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நாலு வரி தெரிஞ்சா போதும், ரிட்டயர் ஆகற வரைக்கும் ஓட்டிடலாம்னு இருந்தேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். சிவப்புக் கோட்டுக்கு உட்புறமாக. “அது போகட்டும். நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கண்ணு எப்படி இருந்துச்சு?”

“க்கா...”

“எல்லாரும் சிரிச்சீங்களே. நான் பாக்கவே இல்ல. தேடி வர்றதுக்குள்ள சார் வந்துட்டாரு. எப்படி இருக்கும்?”

“முட்ட மாதிரி ரெண்டு வெள்ளைக்கா. சுத்தி கறுப்பு விளிம்பு. உள்ள ஆளுக்கொரு கறுப்பு உருண்டை. மவுஸ் போற பக்கமெல்லாம் திரும்பும்.”

“எங்க போனாலும்?”

“எங்க போனாலும்.”

“மூணு நாளும் நான் போற பக்கமெல்லாம் பாத்துக்கிட்டே இருந்துச்சா?”

“ஆமாக்கா.”

அவர் சிரித்தார். ஒன்றரை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு சிரிப்பு அடங்கியது. என்னைப் பார்த்தார். என்னை என்றால், என் மூக்கின் மேல் எங்கோ ஒரு சின்ன வட்டத்தை.

“நடுவுல வெச்சிருந்தா நானும் பாத்திருப்பேன்ல?”

வாழைப்பழப் பை என் மடியிலேயே இருந்தது. அந்த வீட்டில் அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.